கண்ணாடியில் தெரியும் கார் எவ்வளவு தூரத்தில்

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் கார் சீட் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல்கள், எதிரே ஒரு பெரிய திரை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்தேனென்றால், எங்கெங்கோ இருக்கும் இருபது பேருடன் இணையத்தில் ரேஸ் ஓட்டுவேன். எனக்கு வயது நாற்பத்தைந்து. இளம்பிள்ளைத் தறிகளுக்குப் போகும் சேலை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. இந்த வயதில் இந்த விளையாட்டு தேவையா என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

வளைவுகள் எனக்குச் சுமாராக வரும். பிரேக்கும் வரும். வராதது கண்ணாடி. திரையின் மேல் விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குப் பின்பக்கக் கண்ணாடி தெரியும். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னதாய் இன்னும் இரண்டு. பின்னால் வரும் கார் அதில் தீப்பெட்டி அளவில் இருக்கும். நிறையத் தூரம் இருக்கிறதென்று நம்பி வளைவின் உள்பக்கம் திரும்புவேன். அந்தத் தீப்பெட்டி ஏற்கனவே அங்கே வந்து நின்றிருக்கும். இரண்டு பேரும் மோதிப் புல்வெளியில் சுழல்வோம். ஒருமுறை, "உங்களைக் கண்டால் ஒரு சுற்றுப் பொறுத்துத்தான் தாண்டுவேன்" என்று ஒருவர் எழுதினார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அது மரியாதை இல்லையென்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, நாமக்கல்லில் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது சின்னவர். ராசிபுரத்துப் பக்கம் தோட்டமுள்ள குடும்பம். அதில் அவர் ஒருவர்தான் லாரிக்குப் போனவர். பதினேழு வருடம் டிரெய்லர் ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை மெக்கானிக் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அவருடைய இடது கண்ணில் இரும்புச் சில்லு தெறித்தது. அந்தக் கண் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் மொபெட்டைக்கூடத் தொடவில்லை. ஒரு லாரி ஆபீசில் லோடு பேசும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஊற்றும்போது சொம்பின் விளிம்பை டம்ளரில் தொட்டு வைத்துக்கொண்டுதான் சாய்ப்பார். நாங்கள் பார்க்காததுபோல் இருந்துவிடுவோம்.

போன தை மாதத்தில், திங்கட்கிழமை சேலத்தில் கண் பரிசோதனை என்பதால், அவரும் என் கொழுந்தியாளும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். சகலை மாடிக்கு வந்து எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் முன்னால் வண்டி ஓட்டிக் காட்ட எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவரோ ஒன்றும் கேட்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் மெதுவாகச் சொன்னார்.

"உள்ள திரும்பாதீங்க சகலை. அவன் கிட்டக்க வந்துட்டானுங்க."

கண்ணாடியைப் பார்த்தேன். தீப்பெட்டிதான். திரும்பினேன். மோதிச் சுழன்றேன்.

இரண்டு சுற்றுக் கழித்து இன்னொரு கார் வந்தது. இந்த முறை திரும்பத் தயங்கினேன்.

"இப்பப் போலாமுங்க. அவன் வாரதுக்கு இன்னும் மூணு எண்ணலாம்."

திரும்பினேன். மனதுக்குள் எண்ணினேன். மூன்று என்றபோது அந்தக் கார் என் பின்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்லவே ஓட்டினேன். ஒருமுறைகூட அவர் கணக்குத் தப்பவில்லை. அந்த ரேஸை ஒன்பதாவதாக முடித்தேன். அதுவரை நான் பதினைந்தாவது இடத்துக்கு முன்னால் வந்ததில்லை.

சீட்டைத் திருப்பி அவரைப் பார்த்தேன். "எப்படீங்க? எனக்கு ரெண்டு கண்ணும் இருந்தும் தெரியலையே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இதுக்குள்ள உங்களுக்கும் ஒத்தக் கண்ணுதானுங்க சகலை," என்றார். "வெளிய ஒரு வண்டி வந்தா உங்க ரெண்டு கண்ணும் சேந்து தூரத்தச் சொல்லிப்போடும். திரையில எல்லாமே ஒரே தட்டைதானுங்களே. உங்க கண்ணு தேடிப் பாக்குது, அங்க ஒண்ணும் கெடைக்கல. நான் அதத் தேடறதே இல்ல. வண்டி எவ்வளவு பெருசுன்னு பாக்கமாட்டேன். எவ்வளவு சுருக்காப் பெருசாகுதுன்னு பாப்பேன்."

"லாரி ஓட்டுனப்பவே தெரியுங்களா?"

"இல்லைங்க. அப்பத்தான் ரெண்டு கண்ணும் இருந்துச்சே."

பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள் என்று தொடங்கிச் சொன்னார். கண் போன புதிதில் ரோட்டைத் தாண்டவே அவருக்குப் பயம். தூரத்தில் வரும் பஸ் நிற்கிறதா வருகிறதா என்றே தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் சேலம் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் போய் உட்காருவார். தூரத்தில் ஒரு பஸ் தெரிந்ததும், எதிரே இருக்கும் மின்கம்பத்தை அது எத்தனை எண்ணுவதற்குள் தாண்டும் என்று மனதுக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்வார். பிறகு எண்ணுவார். முதலில் எல்லாமே தப்பு. சரியாக வர எட்டு மாதம் ஆயிற்றாம். பிறகு லாரிக்கு, காருக்கு, மொபெட்டுக்கு. மழை நாளில் வெறும் விளக்கு வெளிச்சத்தை வைத்து.

கதவருகே சத்தம் கேட்டுத் திரும்பினேன். கொழுந்தியாள் டீத் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நீங்க மனசு விட்டுப்போயி அங்க உக்காந்திருக்கறீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். "ஒரு நாளு, ரோட்டையே வெறிச்சுப் பாத்துட்டிருந்தீங்க. கூப்படக்கூடப் பயந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"எண்ணிட்டு இருந்திருப்பேன் அம்மிணி," என்றார் அவர்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, அவர உக்காரச் சொல்லுங்க."

அவர் மறுத்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். கடைசியில் உட்கார்ந்தார். முதல் இரண்டு சுற்று டிரெய்லர் போலவே ஓட்டினார், நிதானமாக, வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்து. வேகமான கார்களெல்லாம் பின்னாலிருந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்தில் வழிவிட்டார். ஒரு கார் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், நடுவில் இவர். மூன்றும் ஒரே வளைவில் உரசாமல் போயின. இருபது சுற்றில் அவர் யாரையும் தொடவில்லை. முடிந்ததும் யாரோ முகமறியாதவர் என் பெயருக்கு நன்றி எழுதியிருந்தார். என் மனைவியும் மேலே வந்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு தனியாகத் திரைமுன் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கண்ணாடியில் எதுவும் மாறவில்லை. அவர் சொன்னது நிஜம்தான். அப்படியே எழுந்து ஜன்னலுக்கு வந்தேன். எதிர்வீட்டு முருங்கை மரமும் அதற்குப் பின்னாலிருந்த சுவரும் ஒட்டிக்கொண்டன. அங்கே காய்ந்த துணி முன்கொடியிலா பின்கொடியிலா என்று தெரியவில்லை. மாடிப்படி இறங்கப்போய், முதல் படிக்கே கைப்பிடியைத் தேடினேன். இப்படிக் குலைந்து போன ஊரை ஒரு மனிதர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் பஸ்ஸாக எண்ணித் தனக்காகத் திரும்பக் கட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டு, சொன்ன சோதனைகளையெல்லாம் முடித்து, சகலை இப்போது மொபெட்டில் தோட்டத்துக்குப் போய்வருகிறார். டிரெய்லரைப் பற்றி அவர் கேட்கவில்லை. பழைய ஸ்டீயரிங் ஒன்றை வாங்கி நாமக்கல் வீட்டில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் ஹெட்போனை மாட்டிப் பேசிக்கொண்டே இருவரும் ஓட்டுகிறோம்.

போன வாரம் மழை விழும் பாதை. ஆறு சுற்றாக அவர் என் கண்ணாடியிலேயே இருந்தார். ஒரு குறுகலான வளைவில் நான் பயந்துபோய் நட்டநடுவே பிரேக்கை அழுத்திவிட்டேன். அவருடைய காரின் முகப்பு கண்ணாடி முழுக்க விரிந்தது. இடிக்கப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விரிந்த முகப்பு மேலும் பெரிதாகாமல் அப்படியே நின்றது.

"போங்க சகலை, எடம் இருக்குது," என்றார் காதுக்குள்.

அடுத்த நேர்ச்சாலையில் என்னைத் தாண்டிப் போனார்.