அத்தாவுல்லா செய்த தப்பு

அத்தாவுல்லாவின் சாக்ஸபோனைப் பரிதா நாற்பத்தொரு வருடம் வெறுத்தாள். அவர் மௌத்தான பிறகு அதற்காகச் சண்டைக்குக் கிளம்பினாள். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கட்டிய மனுஷனை வீட்டுக்குள் திட்ட மனைவிக்கு உரிமை உண்டு. அவரை இல்லாமலே ஆக்க வெளியாருக்கு என்ன உரிமை?

அத்தாவுல்லாவின் தகப்பனார் பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்தார். பதனிட்டு வரும் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது மூத்த மகனின் வேலை. அந்த மகன் பதினெட்டு வயதில் ஒரு சனிக்கிழமை தாம்பரம் ரயில்வே காலனிப் பக்கம் போனார். ஆங்கிலோ இந்தியர்களின் நடனக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று ஜாஸ் கேட்டார். அதன் பிறகு தோலில் மனம் ஒட்டவில்லை. கூடத்தில் வாசித்தவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவருடைய சாக்ஸபோன் பல்லாவரத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஊதணும்னா அடுப்ப ஊது. வூட்டுக்காவது பிரயோஜனம்" என்றார் தகப்பனார்.

பகலில் மண்டி, மாலையில் ஓட்டல் பேண்டு, அழைப்பு வந்தால் கோடம்பாக்கத்தில் பாட்டுப் பதிவு என்று அவர் வாழ்க்கை ஓடியது. "கல்யாணத்துல நாதஸ்வரத்துக்குப் பதிலா வாசிக்கிறாங்களே, அதானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "அதே வாத்தியம்தான், ஆனா அது இல்ல" என்பார். மேலும் கிண்டினால், "எழுதினத வாசிக்கிறது வேல. எழுதாதத வாசிக்கிறது ஜாஸ்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்பார். பரிதாவுக்கு இதெல்லாம் பெரும் பேஜார். பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும், பக்கத்து வீட்டில் ஆள் படுக்கையில் கிடந்தாலும் அஸர் தொழுதுவிட்டு மொட்டை மாடி ஏறிவிடுவார்.

அந்த வாத்தியத்தில் இருபதுக்கு மேல் சின்னச் சின்ன மூடிகள் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் தோல் வைத்த பஞ்சு. தேய்ந்தால் மாற்ற வேண்டும். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். தோல் மண்டிக்காரர் மகன் அப்படிச் செய்வாரா? மண்டியிலேயே நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்து எடுத்து, வட்டமாக வெட்டி, தானே ஒட்டிக்கொண்டார். தோல் அருமையானது. கைப்பைக்கு, பர்ஸுக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஐப்பசி ஈரத்தில் மட்டும் லேசாகப் பிசுபிசுக்கும்.

எண்பத்து நாலாம் வருடம் ஐப்பசியில்தான் அந்தப் பதிவு நடந்தது. இசையமைப்பாளரின் பெயர் இங்கே வேண்டாம். ஏற்கெனவே போதுமான இடங்களில் இருக்கிறது. எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தவர், அத்தாவுல்லாவின் காகிதத்தில் மட்டும் பதினாறு கட்டங்களை, அவர்கள் பாஷையில் பதினாறு பார்களை, வெறுமனே விட்டிருந்தார். மேலே பென்சிலில் 'அண்ணன் இஷ்டம்' என்று ஒரு குறிப்பு. "ஹீரோயின் அழுவுது. ஏதாவது சோகமா ஊதிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நாற்பது பேர் ஒன்றாக வாசிக்கும் பதிவு. ஒருவர் பிசகினால் நாற்பது பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாவது பாரில் ஒரு மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மேலே போக வேண்டிய ஸ்வரம் அரைப்படி கீழே விழுந்தது. நிறுத்த முடியாது. அத்தாவுல்லா பதின்மூன்றாவது பாரில் அதே இடம் வந்தபோது வேண்டுமென்றே மறுபடி கீழே இறக்கினார்.

"ஒரு தடவ பண்ணா தப்பு. ரெண்டு தடவ பண்ணா ஸ்டைல்" என்று அன்று நனைந்து வந்து சொன்னார்.

"தலைய துவட்டுங்க" என்றாள் பரிதா. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. படத்தின் தொடக்கத்தில் தையற்காரர் பெயர் வந்தது, முடி வெட்டியவர் பெயர் வந்தது, கதாநாயகனின் குதிரையைக் கொடுத்து உதவிய புண்ணியவானுக்கு நன்றி வந்தது. அத்தாவுல்லா வரவில்லை. "பிரியாணி நல்லா இருந்தா அடுப்போட பேரயா கேக்குறாங்க?" என்று அவர் சிரித்தார். ஆனால் மாடியில் அந்தப் பதினாறு பாரை வாசிக்கும்போதெல்லாம் சரியான ஸ்வரத்தைத்தான் வாசித்தார். கடைசிவரை.

பிறகு ஸ்டுடியோக்களில் கீபோர்டு வந்தது. அழைப்பு நின்றது. மண்டியும் போயிற்று. குரோம்பேட்டையில் பெல்ட், கைப்பை ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தார். கீழ்க்கட்டளை வீட்டில் போன வருடம் எழுபத்து நாலு வயதில் காலமானார்.

பரிதா இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளில், வாசல் தாண்டாமல் வீட்டோடு இருந்தபோதுதான் அந்தப் புத்தகம் வந்தது. இசையமைப்பாளரின் மேதைமை பற்றி நிகில் என்ற மென்பொருள் இன்ஜினியர் எழுதியது. அப்பா பெயர் இருக்கும் என்று நம்பி மகள் மெஹ்ரீன் வாங்கிவந்தாள்.

"அம்மா, அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்."

"அவர் பேரு இருக்குதா?"

மெஹ்ரீன் முன்னும் பின்னும் புரட்டினாள். "அத்தா பேரு இல்லம்மா. அந்த ஸ்வரத்தப் பத்தி எழுதியிருக்காங்க. 'நாயகியின் உள்ளம் உடைவதை உணர்த்த மேதை இந்த ஒற்றை ஸ்வரத்தைத் திட்டமிட்டே தாழ்த்தினார்.'"

"எந்த மேதை? தோல் வெட்டின மேதையா, டீ குடிச்ச மேதையா?"

"போன் நம்பர் போட்டிருக்கு. பேசறியா?"

"போன்ல போடுற சண்டை பாதி வீண்" என்றாள் பரிதா. நாட்களை எண்ண ஆரம்பித்தாள். வந்து பார்த்தவர்கள் துக்கத்தில் எண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். அதுவும் இருந்தது.

இத்தா முடிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் ரசிகர் சங்கம் ஒன்று அந்த இசையமைப்பாளருக்குப் பாட்டுக் கச்சேரியோடு விழா எடுத்தது. தொகுப்பாளர் நிகில். அம்மாவும் மகளும் அரை மணி முன்னதாகப் போய் மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தார்கள். பையன் மரியாதைக்காரன். முழுவதும் கேட்டான்.

"ஆன்ட்டி, எத்தனையோ பேர் வாசிச்சிருக்காங்க. எல்லார் பேரும் போட முடியாதுல்ல? செகண்ட் எடிஷன்ல 'சாக்ஸபோன் வாசித்தவர்'னு ஒரு அடிக்குறிப்பு போட்டுடறேன்."

"வாசிச்சவர் இல்ல தம்பி. உண்டாக்கினவர்."

"கம்போஸ் பண்ணது சார்தானே ஆன்ட்டி?"

"அப்ப அவர் எழுதின காயிதத்தக் காட்டுங்க. நான் எங்களோடதக் காட்டுறேன்."

அத்தாவுல்லா அன்றைய பதிவிலிருந்து எடுத்துவந்து பத்திரப்படுத்தியிருந்த பழுப்பேறிய காகிதத்தை மெஹ்ரீன் நீட்டினாள். நிகில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இந்தப் பதினாறு பார்ல 'அண்ணன் இஷ்டம்'னு மட்டும்தான் இருக்கு. மத்தபடி காலியா இருக்கு."

"காலியா இருக்குறதுதான் சாட்சி" என்றாள் பரிதா.

அவன் யோசித்தான். யோசித்து, நம் ஊரில் நியாயம் கேட்டு வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதைக் கொடுக்க முடிவு செய்தான். அந்தப் பாட்டு வந்ததும் மைக்கில், "இந்தக் காவியப் பாடலில் பணியாற்றிய ஒரு கலைஞரின் துணைவியார் நம்மிடையே இருக்கிறார், அவருக்குப் பொன்னாடை" என்றான். சங்கச் செயலாளர் சுப்ரமணியன் பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார்.

ஒரு கலைஞர். பெயரில்லாத ஒரு ஆளுக்குப் பொண்டாட்டியாகப் பரிதா மேடை ஏறினாள். பொன்னாடையைத் தாண்டி நேரே சாக்ஸபோனோடு நின்ற பெண்ணிடம் போனாள். அவள் பெயர் வினிதா.

"அஞ்சாவது பார்ல கீழ எறங்குவியே, யார் சொல்லிக் குடுத்தா?"

"ரெக்கார்டுல அப்படித்தான் ஆன்ட்டி. மொதல்ல கை தானா மேல போச்சு. ஆறு மாசம் பழகித்தான் கீழ கொண்டாந்தேன்."

"ஒன் கை சரியாத்தான் போயிருக்கு. விடு, மேல போவட்டும்."

வினிதா தயங்கி வாசித்துக் காட்டினாள். ஐந்தாவது பாரில் ஸ்வரம் மேலே போனது. கீழ்க்கட்டளை மாடியில் கேட்டது போலவே இருந்தது. பரிதாவுக்குக் கோபத்துக்கு நடுவே கண் கலங்கியது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தப்பு. ஒரிஜினல்ல அப்படிக் கெடையாது. இருபது வருஷமா கேக்குறேன்."

பரிதா மைக்கை வாங்கினாள்.

"ஒரிஜினல்ல என் வூட்டுக்காரர் அவரே வெட்டி ஒட்டின தோல் மழையில ஒட்டிக்கிச்சு. ஸ்வரம் கீழ வுழுந்துச்சு. அத சமாளிக்கத் தெரிஞ்ச ஆளு, சமாளிச்சாரு. நீங்க இன்னாடான்னா அத எடுத்து இன்னொருத்தர் தலையில கிரீடம் வெக்கிறீங்க. அவரு செஞ்ச நல்லதுக்குத்தான் பேரு குடுக்கல. தப்புக்கூடவா அவரு பேர்ல இருக்கக் கூடாது?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, தனியாகச் சிரிப்பது தெரிந்து நிறுத்தினார்கள். மூன்றாவது வரிசைக்காரர் உட்கார்ந்தார். நிகில் கையிலிருந்த தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படி வாசிக்கட்டும் ஆன்ட்டி?" என்றாள் வினிதா.

"தப்பாவே வாசிம்மா. ஜனங்களுக்கு அதான் பழகிப்போச்சு. யாரோட தப்புன்னு சொல்லிட்டு வாசி."

வினிதா நிகிலைப் பார்த்தாள். நிகில் சுப்ரமணியனைப் பார்த்தான். சுப்ரமணியன் பொன்னாடையைப் பார்த்தார். பொன்னாடையிடமும் உத்தரவு இல்லை என்று தெரிந்ததும், வினிதா தானே மைக் பக்கம் குனிந்தாள்.

"அடுத்து வர்ற பதினாறு பார், பல்லாவரம் அத்தாவுல்லா உண்டாக்கினது. அதுல இருக்கிற தப்பும் அவரோடதுதான்."

பாட்டு தொடங்கியது. பரிதா மேடையை விட்டு இறங்கவில்லை. நிகிலின் பக்கத்தில் போய் நின்று, அந்த ஒன்றரைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 'மேதை' என்ற சொல்லை அடித்தான்.

"அத்தாவுல்லாவுக்கு ரெண்டு 'ல' வரும் தம்பி" என்றாள் பரிதா. அவன் எழுதி முடிக்கும்வரை நகர்வதாக இல்லை.