வள்ளத்தோடு ஒட்டி நின்ற கன்று

திமிங்கலத்தின் மூச்சு அழுகிய மீன்கூடையைப் போல நாறும். அந்த நாற்றம் ஈரமாக என் முகத்தில் வந்து அடித்தபோது எனக்குப் பத்து வயது. யுத்தம் முடிந்து, கடலுக்குப் போவதற்கிருந்த தடைகள் தளர்ந்து, அப்பா வாங்கிய புது வள்ளத்தில், பருத்தித்துறைக்குக் கிழக்கே, கரை வெறும் கோடாகிப்போன இடத்தில் இருந்தோம்.

எங்கள் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களில், புது வள்ளத்தைச் சுவாமியார் தீர்த்தம் தெளித்து "மந்திரித்த" பிறகு, வலை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டில் உள்ளவர்களை ஏற்றி ஒரு சுற்றுப் போவது வழக்கம். மற்ற நாளெல்லாம் பெண்பிள்ளைகள் வள்ளத்தில் கால் வைத்தால் முகம் சுளிக்கிறவர்கள், அன்றைக்கு மட்டும் எங்களை முன்பக்கத்தில் ராணிகளாக இருத்திவைப்பார்கள்.

தூரத்தில் கறுப்பு முதுகுகள் தெரிந்ததும் அப்பா எஞ்சினை நிறுத்தினார். "ஓங்கில் நிக்குது. வள்ளத்திலை தட்டுங்கோ பிள்ளையள், விளையாட வரும்." "ஓங்கில்" என்றால் எங்களுக்கு டொல்பின், தட்டினால் கிட்ட வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆறு வயதுத் தங்கச்சியும் நானும் கை சிவக்கத் தட்டினோம்.

வந்தது ஓங்கில் அல்ல, ஒரு திமிங்கலக் கன்று, பின்னால் தாய். கன்று வள்ளத்தோடு உரசி நின்று மூச்சு விட்டது. நான் கைகொட்டிச் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அடுத்த நிமிடம் ஆள் உயரக் கறுப்புச் செட்டைகள், முதுகுத் துடுப்புகள், நாலு பக்கமும் எழும்பின. திமிங்கலக் கன்றுகளையே வேட்டையாடும் அவற்றுக்கு ஓர்கா என்று பெயர் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அவை தாயை மோதி மோதி விலக்க, தண்ணீர் சிவந்தது. கன்று எங்களை இன்னும் நெருக்கி அண்டியது. அம்மா தங்கச்சியை மடியில் அமுக்கிக்கொண்டு செபமாலை சொன்னார்.

அப்பா எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தார். நாங்கள் போனால் அதற்கு ஒளிய இடமில்லை என்பது எனக்குக்கூட விளங்கியது. "போகாதேங்கோ அப்பா, நாங்கள்தானே அதைக் கூப்பிட்டனாங்கள்!" என்று கத்தினேன். அவர் கயிறும் கையுமாக அப்படியே நின்றார். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு ஏதோவொன்று வள்ளத்தின் அடியில் இடித்தது. "கண்ணை மூடு பிள்ளை" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார்.

நான் மூடவில்லை. கன்று எங்களுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நீந்தி வந்தது. பிறகு வரவில்லை.

இப்போது புது வள்ளம் வந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு நேரே வலையை ஏற்றுகிறார்கள். அந்தச் சுற்றுப் பயணம் இல்லை. அப்பாவும் கடலை விட்டுவிட்டார். எங்களை ஏற்றியிருந்தபடியால்தான் அவர் ஓடினார், தனியே போயிருந்தால் கன்றுக்காக நின்றிருப்பார் என்று இத்தனை வருடமும் நான் நம்பியிருந்தேன். திருகோணமலையில் திமிங்கலம் பார்க்கப் படகு விடுகிறார்கள் என்ற கதை போன மாதம் வீட்டில் வந்தபோது, முதன்முறையாக அவரிடமே கேட்டேன்.

"நீங்கள் இல்லாட்டி முதல் செட்டையைக் கண்ட உடனை ஓடியிருப்பன்" என்றார் அப்பா. "நீ கத்தினபடியாலைதான் அவ்வளவு நேரமும் நிண்டனான்."

என்னுடைய ஒரு கத்தலுக்காக எங்கள் மூன்று பேரையும் அந்தக் கடலில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.