வெள்ள நிதிக் கச்சேரியில் கிளாரினெட் வாசித்தவர்

பாலாற்று வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட மாரிகுப்பத்தில் கச்சேரி வைத்தோம். கிளாரினெட் வாசித்தவர் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாத்தியத்தைத் துண்டால் துடைப்பார். அவர் மனைவியும் மகளும் வெள்ளம் புகுந்த ஊரில் இருந்தார்கள்.

"சேதி ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று மேளத்தை இறுக்கியபடி கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க. சும்மா குந்தினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும். நீங்க அடிங்க."

மூன்று பாட்டு பிசிறில்லாமல் வாசித்தார். நான்காவதின் நடுவே, சாயங்கால ரயிலில் வந்திறங்கிய அவர் மனைவி, சேறு காய்ந்த புடவையோடு மகளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். கிளாரினெட்டில் வெறும் காற்றுதான் வந்தது.

"ஒதடு நடுங்குதுங்க, கொஞ்சம் இருங்க" என்று சபையிடம் சொல்லிவிட்டு அழுதார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அதுவரை எப்படி வாசித்தார் என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.