பதினான்காவது நிலையம், பிறகு மஞ்சள் கோடு: மேருவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கண் டாக்டரிடம்

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாளாகக் கண் டாக்டரிடம் போவது எப்படி என்று இணையத்தில் தேடினேன். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். இடக்கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். இரண்டு வருடமாக வலக்கண்ணிலும் பவர் ஏறிக்கொண்டே போனது. மூக்குக்கண்ணாடி போட்டாலும் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஹார்ட் லென்ஸ் போட்டால்தான் பிழைப்பு. லாசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார்னியா, அதாவது கருவிழிப் படலம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் நாள் வாங்கினேன்.

முதல் தடவை என் வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போனார். கண்ணை அளவெடுப்பதற்கு முன் மூன்று வாரம் லென்ஸ் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லென்ஸ் இல்லாமல் நான் எப்படி ஓட்டை பார்ப்பது? மூன்றே நாள் முன்னால் கழற்றினேன். தாதி கேட்டபோது, "மூணு வாரமாச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். இயந்திரம் எடுத்த கலர் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லென்ஸ் அழுத்துன தடம் அப்படியே இருக்கும்மா. நீங்க பொய் சொல்லலாம், கார்னியா சொல்லாது லா. இத வச்சு நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். போயிட்டு ஒழுங்கா வாங்க."

மானம் போய்விட்டது.

மறுநாளே மேலாளரிடம் போய் பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். மூன்று வாரம் பெட்டி ஒட்டினேன். சரியாக டாக்டரைப் பார்க்க வேண்டிய செவ்வாய்க்கிழமை பார்த்து, வீட்டுக்காரருக்கு ஜொகூருக்கு லோரி ஓட்டம் வந்துவிட்டது.

"ஒத்தையா போவாதே, வேற நாள் கேளு," என்றார்.

வேறு நாள் என்றால் ஆறு வாரம் தள்ளும். அதற்குள் கண் இன்னும் எவ்வளவு போகுமோ, யார் கண்டது? "முடியாது, நான் போறேன்," என்றேன்.

இனி வழி. காலை 6.40க்கு டாக்சி. கிள்ளான் ரயில் நிலையம் ஒன்பது கிலோமீட்டர், பதினைந்து ரிங்கிட், இருபத்தைந்து நிமிடம். 7.20 கொம்யூட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பெயர்ப்பலகை எல்லாம் எனக்கு வெறும் வெள்ளைக் கறை. அறிவிப்பு பாதி நேரம் காதில் விழாது. அதனால் முன்னாடியே மனப்பாடம் செய்திருந்தேன்: கிள்ளானுக்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணினால் கேஎல் சென்ட்ரல் பதினான்கு. நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விரல் மடக்கினேன். பக்கத்தில் இருந்த மலாய் அக்கா நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். 8.25க்குப் பதினான்கு வந்தது, இறங்கினேன்.

அங்கிருந்து எழுநூறு மீட்டர் நடை. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் கோடு பதித்திருக்கிறார்கள். மங்கல் கண்ணுக்கும் மஞ்சள் தெரியும். அதைப் பிடித்துப் போனவள், கோட்டின் மேலேயே நிறுத்தியிருந்த சிவப்பு மோட்டார் சைக்கிளில் முட்டி இடித்துக்கொண்டேன். அடப்பாவி! வலியில் நின்ற இடத்திலேயே திட்டிக்கொண்டிருந்தபோது, காலில் ஒரு கோல் தட்டியது.

"அக்கா, நீங்க நிக்கிறது என் ரோட்டுல லா."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும். அந்தத் தெருவில் மசாஜ் கடை வைத்திருக்கிறாராம்.

"மன்னிச்சிடுங்க அண்ணே. எனக்கும் சரியா தெரியல."

"எவ்வளோ தெரியும்?"

"உங்க சட்டை நீலம்னு தெரியுது."

"நீலமா? கறுப்புன்னு சொல்லித்தானே என் பொண்டாட்டி கொடுத்தா!"

இருவரும் சிரித்துவிட்டோம். க்ளினிக் பேரைச் சொன்னதும், "மோட்டார சுத்திக்கிட்டு வாங்க. தினமும் இதே இடம், இதே ரோதனை," என்று சொல்லி வாசல் வரை கூட்டிப்போய் விட்டார்.

இந்தத் தடவை படம் சுத்தமாக வந்தது. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால், எனக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, ஒரு குன்று வரைந்தார்.

"இது உங்க கார்னியா. மெலிஞ்சு கூம்பா முன்னாடி தள்ளுது. லாசிக்னா இத இன்னும் சீவணும். சீவினா தாங்காது. லாசிக்க மறந்துடுங்க."

அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"வேற வழி இருக்கா டாக்டர்?"

"சொட்டு மருந்து விட்டு, யூவி வெளிச்சம் காட்டி, கெட்டியாக்கலாம். போன பார்வை திரும்பாது. இருக்கிறத நிறுத்தி வைக்கப் பார்க்கலாம்."

"எப்ப செய்யலாம்?" என்றேன். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அடுத்த வாரமே செய்தார். வலி இரண்டு நாள் உயிரை எடுத்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய லென்ஸுக்குத் திரும்பினேன்.

ஆறு மாதம் கழித்து, மூன்று வாரம் பெட்டி ஒட்டிவிட்டு, அதே ரயிலில் விரல் மடக்கிக்கொண்டு மறுபடி போனேன். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நகரல," என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை தூரம் போனேன்.

போகிறவர்களுக்கு: நிலையங்களை எண்ணி வையுங்கள். லென்ஸ் கழற்றிய நாளைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். லென்ஸைப் பெட்டியோடு பையில் எடுத்துப் போங்கள். அளவெடுத்த பின் டாக்டர் சரி என்றால் அங்கேயே போட்டுக்கொண்டு திரும்பலாம்.

"நகரல" கேட்ட அன்று நான் அப்படித்தான் திரும்பினேன். கடைப் பலகை, சிக்னல், எல்லாம் பளிச். அதே இடத்தில் கோட்டை மறித்து அதே சிவப்பு மோட்டார். எண் பலகையைத் தெளிவாக வாசித்தேன். எதிர் உணவுக்கடை வாசலில் நின்று, அந்த எண்ணைச் சத்தம் போட்டுப் படித்தேன். ஒருமுறை, இருமுறை. கடையே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது முறை படிக்கும்போது ஒருவர் தே தாரேக் டீயை வைத்துவிட்டுச் சாவியோடு எழுந்து வந்தார்.

அவர் மோட்டாரைத் தள்ளி எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே நடந்து ரயிலுக்குப் போனேன்.