சவுண்டு கார்டில் ஒரு சிவப்புப் பொட்டு

என் பழைய கம்ப்யூட்டரில் இசை சரியாக வரவில்லை என்பதற்காக நான் என் காதைப் பரிசோதிக்கப் போனேன். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உன் காதில்தான் கோளாறு என்று சொன்னவன் என் நண்பன்.

அந்தக் கம்ப்யூட்டர் தொண்ணூறுகளில் கோலாலம்பூரில், சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தது. அக்காவின் படிப்புக்கென்று அப்பா வாங்கியது. அக்காவும் நானும் அதில் படித்ததைவிட விளையாடியதுதான் அதிகம். ஸ்பீக்கர் வயரை நான் எப்போதும் மைக் துளையில் செருகிவிட்டு, சத்தம் வரவில்லை என்று கத்துவேன். ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் தன் நெயில் பாலிஷை எடுத்து, பின்பக்கம், சத்தம் கொடுக்கும் சவுண்டு கார்டின் தகட்டில், சரியான துளைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். "இங்க சொருகு. இனிமே என்னைக் கூப்பிடாத" என்றாள்.

அக்கா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டாள். அப்பா காலமாகி வீட்டைக் காலி செய்தபோது, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு நான் கேட்டு எடுத்துவந்தது அந்தப் பெட்டியை மட்டும்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் நானாக ஓட்டுவதற்கு ஒன்று வேண்டியிருந்தது. விண்கலம் ஓட்டும் ஒரு பழைய விளையாட்டு அது. தொடங்கும்போது ஓர் இசை வரும். அதன் அடியில் கனமாக ஒரு ஒலி புரண்டுகொண்டே இருக்கும். அதைக் கேட்டால்தான் எனக்கு விளையாட்டே ஆரம்பிக்கும்.

பழைய கம்ப்யூட்டர் பிரியர்களுக்கான ஓர் இணையக் குழுவில்தான் அவனைச் சந்தித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடிக்கொண்டிருந்த குழுவில் ஒருவன் திடீரென்று தமிழில் எழுதினான். நானும் தமிழில் பதில் போட்டேன். அவன் வீடு கிள்ளானில், வேலை பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பராமரிப்பு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாற்பதுக்கு மேல் ஒரு புது நண்பன் கிடைப்பான் என்று நான் நினைத்ததில்லை. கிடைத்தான். மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

போன வருடம் படம் கெட்டது. திரை முழுக்க இளஞ்சிவப்பாக மாறி, அலை அலையாக ஆடும். தட்டினால் சற்று நிற்கும், மறுபடி ஆடும். மானிட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அவனிடம் சொன்னேன்.

"மானிட்டர் இல்ல மச்சான், வீடியோ கார்டுல ஏதோ விட்டுப்போயிருக்கு. பெட்டியோட கொடு. வீட்ல வெச்சுப் பாக்கறேன்."

நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து அவனே திருப்பிக் கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி நின்றது. வீடியோ கார்டில் தளர்ந்துபோன உலோகக் கால்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்திருந்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகு விளையாட்டைத் தொடங்கினேன். இசை வந்தது. ஆனால் அது தகரத்தைத் தட்டியது போல வந்தது. துப்பாக்கிச் சத்தம், இஞ்சின் சத்தம் எல்லாம் சரியாக இருந்தன. இசை மட்டும் மெலிந்து, கீச்சென்று, அடியில் புரளும் அந்தக் கனம் இல்லாமல் வந்தது.

"சத்தம் வேற மாதிரி இருக்குடா" என்றேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஆமா லா. அதுக்கும் வயசாச்சுல்ல? பாத்துருவோம்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. கிள்ளானிலிருந்து ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடுவான். வரும்போது என் மனைவிக்குப் பூ வாங்கி வருவான், மறக்கவே மாட்டான். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்காருவோம். ஒரு வாரம் ஸ்பீக்கரை மாற்றினோம். ஒரு வாரம் சவுண்டு கார்டின் அமைப்புகளை எல்லாம் அழித்து மறுபடி போட்டோம். அடுத்த வாரம் உள்ளே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து இரைச்சல் வருகிறதோ என்று அதையும் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "இப்ப கொஞ்சம் பரவால்லல்ல?" என்பான். நான் இல்லை என்பேன்.

கார்டே வேறாக இருக்குமோ என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. வயரைச் செருகும்போதெல்லாம் அக்கா வைத்த சிவப்புப் பொட்டைப் பார்த்துத்தான் செருகினேன். அது அங்கேயே இருந்தது.

சமையலறையிலிருந்து ஒருநாள் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, இது பழைய பாட்டு மாதிரியே இல்லையே. எனக்கே தெரியுது."

அவன் சிரித்தான். அவள் உள்ளே போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மச்சான், தப்பா நெனைக்காத. நீ சொல்லிச் சொல்லி அவங்களுக்கும் அப்படிக் கேக்குது. நமக்கும் வயசாகுதுல்ல? சின்ன வயசுல கேட்ட மாதிரி இப்பக் கேக்காது. எதுக்கும் ஒருவாட்டி காதைச் செக் பண்ணிப் பாரேன்."

அக்கறையாகத்தான் சொன்னான். அந்த அக்கறையை நம்பி ஒரு காது மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எந்தச் சத்தம் நிஜம், எது என் கற்பனை என்று தெரியாமல் வியர்த்து உட்கார்ந்திருந்தேன். பரிசோதித்த பெண் சின்ன வயது, தமிழ்ப்பெண். "ஹை பிட்ச் சத்தம் மட்டும் லேசா கொறைஞ்சிருக்கு அங்கிள். உங்க வயசுக்கு இது நார்மல்தான்" என்றாள்.

நார்மல் என்ற சொல் என் காதில் விழவே இல்லை. குறைந்திருக்கிறது என்பதுதான் விழுந்தது. அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "விடு மச்சான். எல்லாருக்கும் வர்றதுதான்" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. நான் சத்தத்தைக் குறைத்துவைத்து விளையாடக் கற்றுக்கொண்டேன். காரில் மாணவர்கள் மெதுவாகப் பேசினால் இரண்டாம் முறை கேட்கவும் ஆரம்பித்தேன். என் காதை நானே நம்பாமல் போய்விட்டேன்.

தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போனோம். கிள்ளானில் வரிசை வீடு, மாடியோடு. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவன் ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருப்பதாக அவன் மனைவி சொன்னார். கையில் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து அந்த இசை இறங்கி வந்தது.

அடியில் அந்தக் கனம். புரண்டுகொண்டே.

"மேல போய்ப் பாருங்கண்ணே. என் தம்பிதான் விளையாடிக்கிட்டிருக்கான். இவரு அதை செட் பண்ணதுலேர்ந்து தெனமும் அதுலதான் உக்காந்திருக்காரு" என்றார். வஞ்சம் அறியாத முகம்.

ஏறிப் போனேன். அவருடைய தம்பி எழுந்து இடம் கொடுத்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். துளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. கறுத்து, விளிம்பில் பெயர்ந்து, ஒரு பக்கம் தூரிகை இழுத்த வால். அக்கா அவசரத்தில் வைத்தது அப்படித்தான் இருந்தது. என் வீட்டுப் பெட்டியில் இருந்ததோ அழகான வட்டம். அத்தனை ஞாயிறும் அதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடப் பொட்டு அவ்வளவு பளபளப்பாக இருக்காது என்று ஒருநாளும் உறைக்கவில்லை.

கீழே இறங்கி வாசலுக்கு வந்தபோது அவன் இரண்டு கையிலும் ஐஸ் பைகளோடு வந்துகொண்டிருந்தான். "வா மச்சான், எப்ப வந்த?" என்றான். என் முகத்தைப் பார்த்தான். மாடி ஜன்னலைப் பார்த்தான். இசை தெளிவாகக் கேட்டது.

"அது என்னோட கார்டு" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. "அதே மாடல்தான் உன்கிட்டயும் இருக்கு. பின்னாடி வந்த வெர்ஷன். இசைக்கான சிப் மட்டும்தான் வேற" என்றான். பிறகு, "எவ்வளவோ நாளாத் தேடினேன் மச்சான், எங்கயும் கெடைக்கல. ஒரு வாரம் போட்டுப் பாத்துட்டுத் திருப்பி வெச்சிரலாம்னுதான் கழட்டினேன்" என்றான்.

"ஒரு வாரத்துக்கா பொட்டு வெச்ச?"

அவன் மாடி ஜன்னலை இன்னொரு முறை பார்த்தான்.

"அப்புறம் எதுக்குடா வாரா வாரம் வந்து எங்கூட உக்காந்து தேடின?"

"வரலைன்னா நீ சந்தேகப்படுவேன்னு மொதல்ல வந்தேன்." இரண்டு ஐஸ் பைகளையும் ஒரே கைக்கு மாற்றினான். "அப்புறம், உன் வீட்டுக்கு வர்றது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "என் காதுல என்னடா இருந்துச்சு? அதை ஏன் சொன்ன?" என்று கேட்டேன். உள்ளே விருந்தினர்கள் இருந்தார்கள். ஐஸ் உருகி அவன் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலையில் வரும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எடுத்ததைக்கூட விடுங்க. வீட்ல உக்காந்து நெயில் பாலிஷ் வெச்சிருக்கானே. எந்த மனசோட வெச்சான்?" என்றாள்.

சில நாளில் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. கார்டை மின்காப்பு உறையில் போட்டு, பஞ்சில் சுற்றி, திருகாணிகளைத் தனியாக ஒட்டி அனுப்பியிருந்தான். அவன் கைவேலை எப்போதும் சுத்தம். மாட்டினேன். இசை முன்பு போலவே வந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்று கேட்டாள். "இதுதான்" என்றாள். படமும் அசையாமல் நின்றது. அதைச் சரிசெய்து கொடுத்தவன் அவன். கோபப்படும்போதுகூட அதை மறக்க முடியவில்லை. அவன் வைத்துவிட்டுப்போன கார்டை அவன் விலாசத்துக்கே அனுப்பிவிட்டேன்.

பொங்கலுக்கு முன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி வாங்கப் போனபோது எதிரே வந்தார்கள், அவனும் அவன் மனைவியும். ஒதுங்க இடமில்லாத நெரிசல். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"என்னண்ணே, தீபாவளிக்குச் சாப்பிடாமகூட போயிட்டீங்க. அப்புறம் வீட்டுப் பக்கமே காணோம்? இவரும் ஞாயித்துக்கெழமை வெளிய போறதே இல்ல. சண்டையா?"

அவரிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தத் தெருவிலேயே அவன் குறுகிப்போயிருப்பான். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் இல்ல லா. லைசன்ஸ் எடுக்கற கூட்டம் அதிகம், நேரமே கெடைக்கல" என்றேன்.

அவன் கண்ணில் நன்றி தெரிந்தது. பழைய நாட்களில் என்னைப் பார்ப்பது போலவே பார்த்தான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். என்னிடம் அவன் சொன்ன பொய் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது அவனுக்காக நானும் ஒன்று சொல்லிவிட்டு, ஜவுளிக் கூட்டத்துக்குள் மனைவியைத் தேடிக்கொண்டு நடந்தேன்.