பாவாடை நாடாவுக்குக் கீழே

இந்த நோய்க்குப் படர்தாமரை என்று பெயர் வைத்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். அரிப்பில் உயிர் போகிறது, இதற்குத் தாமரை ஒரு கேடா?

எனக்கு அது பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஆரம்பித்தது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. விடிந்ததிலிருந்து சாறும் வியர்வையும் நாடாவில் ஊறிக் கிடக்கும். முதலில் காசளவு வட்டம்தான். மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பூசியதும் நாலே நாளில் மங்கியது. நிறுத்தினேன், முன்னைவிடப் பெரிதாக வந்தது. முதுகு, தொடை, மார்புக்கு அடியில் என்று ஏறிக்கொண்டே போனது.

துவைத்த பாவாடையை வெயிலில் போட வழியில்லை. வாசலில் மாமனார் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணில் அது படலாமா? குளியலறைக்குள் புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டு, ஈரம் போகாமலேயே மறுநாள் கட்டுவேன். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மானம்.

மூன்று வயது மகளின் கழுத்தில் ஒரு வட்டம் வந்த அன்று, மாமியார் அவளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீ தொட்டுத்தான் ஒட்டிக்கிச்சு. சரியாவற வரைக்கும் புள்ள கிட்ட வராத."

கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு. பெற்ற பிள்ளையைத் தூர நின்று பார்த்தேன்.

தர்மபுரி தோல் டாக்டரம்மா, வீட்டில் எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார். திரைக்குப் பின்னால் கணவரைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்குங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குதுங்க மேடம்."

தொடையிடுக்கில் கறுத்துத் தடித்திருந்ததாம். ஐந்து வருடம் விளக்கை அணைத்துக் குடித்தனம் நடத்திய லட்சணம்! அவர் துடைத்த துண்டில்தான் தினமும் குழந்தையைத் துவட்டினோம்.

"ஆம்பளைக்கு வேர்வைல வர்றதுதான்" என்றார் மாமியார், திரும்பும் பஸ்ஸில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டோம். பாவாடையை வாசல் கொடியில் போட்டேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஒருவழியாக எல்லோருக்கும் ஆறியது. டாக்டரம்மா சரி என்று சொன்ன அன்றே வீட்டுக்கு ஓடி வந்து, "வாடி தங்கம்" என்று மகளிடம் கையை நீட்டினேன்.

அவள் மாமியாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"வேணாம். அம்மா ஒட்டிக்கும்."