பேக்கிங் ரூமில் யாரும் மூட்டை தூக்குவதில்லை

1. ஆள் கிடைக்கவில்லையாம்

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் காலம் முழுக்க வேலை பார்த்து, பேக்கிங் ரூம் சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவன் நான். நாளைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தை ஆறப்போட்டுவிட்டு எழுதுங்கள் என்று மகள் சொன்னாள். ஆறட்டும் என்று விட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

இது நடந்த சனிக்கிழமை காலை நான் செக்கர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அது என் வேலை இல்லை. செக்கராக இருந்த பெண் கல்யாணம் முடித்து ஈப்போவுக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் கேட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். எப்போது போனாலும் "ஆள் கெடைக்கல லா அங்கிள்" என்பான் தினேஷ். கோலாலம்பூரிலிருந்து வந்த பையன். எங்கள் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் எச்.ஆர். ஆபீசர் அவன்தான்.

செக்கர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தேயிலைப் பெட்டிகள் பெல்ட்டில் வரும். சீல் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் கையால் ஒதுக்கித் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்த இடம். எழுந்து எழுந்து போகிறவர்கள்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

இந்த வேலைக்குத்தான் பிரேமா மனு போட்டிருந்தாள். எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தின் மகள். சின்ன வயதிலிருந்தே இடது காலில் பலம் இல்லை. கக்கத்தில் கட்டையை வைத்து நடப்பாள். பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு ரிங்லெட்டில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். அடுத்து ஆறுமுகமும் நெஞ்சுவலி வந்து இறந்துபோனான்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர் குடும்பத்துக்குத்தான் கம்பெனி கொடுக்கும் லைன் வீடு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இல்லை என்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பிரேமாவும் அவள் அம்மாவும் மட்டும்தான் மிச்சம். அம்மாவுக்கு வேலை செய்யும் வயது தாண்டிவிட்டது. மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. ஆக, பிரேமாவுக்கு அந்த ஸ்டூல் கிடைத்தால் வீடு இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

மனு போட்ட அன்றே என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்காக என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கல்லாவில் இருந்த பெண், கணக்கு பிசகாது, உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். இதைவிடப் பொருத்தமான ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

2. மூட்டை

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேலைக்கு வந்தாலும், பச்சைக் கொழுந்து நிறைந்த ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி, எடைக் கொட்டகையிலிருந்து மேலே லோரி நிற்கும் இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். மலையில் கொழுந்து பறிக்க ஆள் எடுத்த காலத்தில் கங்காணிகள் வைத்த சோதனை அது. அந்தக் காலத்தில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. பறித்ததைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

இப்போது மலையில் மெஷின் வெட்டுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். உள்ளூர்க்காரர்களை ஃபேக்டரிக்கும், ஆபீசுக்கும், டூரிஸ்ட் வரும் டீக்கடைக்கும்தான் எடுக்கிறார்கள். சோதனை மட்டும் அப்படியே இருந்தது. டீக்கடையில் கேக் வெட்டிக் கொடுக்க வந்த பெண்ணும் மூட்டை தூக்கினாள். எங்கள் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. தூக்க முடிகிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ சலசலப்பு என்று நான் லோடிங் கதவுப் பக்கம் வந்து பார்த்தேன். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். தினேஷ் குடை பிடித்துக்கொண்டு டேப்லெட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பிரேமா அவன் முன்னால் நின்றாள். இருவரும் பேசியதை வரிசையில் நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

"நான் பேக்கிங் ரூமுக்குத்தானே போட்டுருக்கேன்? அங்க உக்காந்து பாக்குற வேலதானே?" என்று கேட்டாள்.

"தெரியும் சிஸ்டர். ஆனா எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்டுதான். ஒங்களுக்கு மட்டும் விட்டா மத்தவங்க கேள்வி கேப்பாங்க லா."

"வேற ஏதாச்சும் செஞ்சு காட்டவா? மெஷின் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பாருங்க."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. எழுதிக்கிறேன். ஃபோர்ஸ் பண்ணல."

'ஃபோர்ஸ் பண்ணல' என்றானே, அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முடியாது என்று சொன்னால் அந்த நிமிஷமே அவள் கதை முடிந்தது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது.

"ஏத்தி விடுங்க" என்றாள் பிரேமா.

பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் தயங்கித் தயங்கி மூட்டையை அவள் தோளில் ஏற்றினார்கள். நான் கத்திக்கொண்டே இறங்கினேன். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் மேடேறினாள். பாதி தூரம் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். செம்மண் ஈரத்தில் கட்டையின் நுனி வழுக்கியது. மூட்டையோடு விழுந்தாள். கொழுந்தெல்லாம் மண்ணில் கொட்டியது.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். முழங்கையில் ரத்தம்.

"தூக்காதீங்க மாமா" என்றாள். "கட்டைய மட்டும் எடுத்துக் குடுங்க. நான் எந்திரிச்சுக்குவேன்."

எடுத்துக் கொடுத்தேன். எழுந்தாள். வரிசையில் நின்றவர்கள், வேறு வேறு வேலைக்கு மனு போட்டு வந்தவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து கொழுந்தை அள்ளிச் சாக்கில் போட்டார்கள். அவர்களில் ஒருவரும் கேள்வி கேட்பவராக எனக்குத் தெரியவில்லை. தினேஷ் குடைக்குள் நின்று 'ஃபெயில்' என்று தட்டினான். தட்டி முடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

3. துரையின் அறையில்

மெஷினை நிறுத்திவிட்டு நேராகத் துரையின் அறைக்குப் போனேன். மேனேஜரை நாங்கள் இன்றைக்கும் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் ஈப்போத் தமிழர், மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. தினேஷையும் கூப்பிட்டார்.

"பாவம் லா அந்தப் பொண்ணு" என்று ஆரம்பித்தார் துரை.

"பாவம் புண்ணியம் எல்லாம் வேணாம் துரை. எனக்கு ஆள் வேணும். ஆள் கெடைக்கலன்னு மாசக்கணக்கா சொல்லிட்டு, வந்த ஆள இவன் மண்ணுல தள்ளி விட்டுருக்கான்."

"நான் தள்ளல அங்கிள்" என்றான் தினேஷ். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதான் ஃபேர்."

"அப்ப நீ தூக்குனியா?"

துரை பக்கம் திரும்பினேன். "நீங்க தூக்குனீங்களா துரை? அக்கவுண்ட்ஸுக்கு வந்த அந்த சீனப் பொண்ணு தூக்குச்சா?" என்று கேட்டேன்.

"ஸ்டாஃப் வேற, லேபர் வேற" என்றார் துரை.

"சரி, லேபர் பத்தியே பேசுவோம். என் ரூம் செவுத்துல ஒரு போர்டு மாட்டியிருக்கு. மூட்டைய கையால தூக்காதே, ட்ராலியில தள்ளுன்னு நீங்கதான் மாட்டச் சொன்னீங்க. முன்னாடி ஒருத்தன் அவசரத்துல ஒரு சாக்கத் தூக்கி இடுப்பப் புடிச்சுக்கிட்டான். சேஃப்டி சரியில்லன்னு எனக்கு வார்னிங் லெட்டர் குடுத்தீங்க. உள்ள தூக்குனா எனக்கு லெட்டர். வெளிய தூக்கலன்னா அந்தப் புள்ளைக்கு வேல இல்ல. இது என்னா கணக்கு?"

 அந்த போர்டைத் துரையும் தினமும் பார்க்கிறவர்தான். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. அவர் மட்டுமில்லை, நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

தினேஷ்தான் வாயைத் திறந்தான். "பட் அங்கிள், அவங்க வழுக்கி விழுந்துட்டாங்களே. நாளைக்கு ஃபேக்டரிக்குள்ள விழுந்தா? சேஃப்டி ரிஸ்க் ஆச்சே."

எனக்கு என்ன வந்ததோ, மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். விழ வைத்தவனே விழுந்ததைச் சாட்சியாகக் காட்டுகிறான். அந்த மூட்டையை ஏற்றி, அந்த மழையில், அந்த மேட்டில் நடக்கச் சொன்னால் நானும்தான் விழுவேன். என் ரூமில் தரை சிமெண்டு. கதவிலிருந்து ஸ்டூலுக்குப் பத்தடி கூட வராது.

துரை கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "நீ சொல்றது நியாயந்தான் மணியம். டெஸ்ட்ட எடுத்துருவோம். எந்த வேலையோ அந்த வேலையச் செய்யச் சொல்லிப் பாப்போம். அடுத்து ஆள் எடுக்குற இன்டேக்ல இருந்து."

"பிரேமா?"

"அவங்க ரிசல்ட் சிஸ்டத்துக்குப் போயிருச்சு. ஃபெயில் ஆனவங்க ஆறு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் போட முடியும். அது ஹெட் ஆபீஸ் ரூல்."

"மாசக் கடைசில வீடு போயிரும் துரை."

"ஒரு ஆளுக்காக நடந்து முடிஞ்சத மாத்த முடியாது, மணியம்."

இதுதான் எனக்கு விளங்காத நியாயம். டெஸ்ட் தப்பு என்று ஒத்துக்கொள்கிறார்கள். அந்தத் தப்பான டெஸ்டில் வந்த ரிசல்ட் மட்டும் சரியாம். யூனியன் ஆளிடம் போனேன், பேசிப் பார்க்கிறேன் என்றார், என்ன பேசினாரோ தெரியாது. மாதக் கடைசியில் பிரேமாவும் அவள் அம்மாவும் ஒரு சின்ன லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார்கள். நான் போய் அலமாரியைப் பிடித்து ஏற்றிவிட்டேன். வேறு என்னத்தைச் செய்ய?

4. கியா பார்ம்

மழைக்காலம் முடிந்து, அந்த ஆறு மாதமும் ஆன பிறகு ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரே மலர்ச்சி. மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்களாம். "அந்தப் பொண்ணு எங்க இருக்கு? நீயே போயிக் கூட்டிட்டு வா. மாற்றுத்திறனாளின்னு கவர்மெண்டு குடுக்குற ஓ.கே.யூ. கார்டு வச்சிருக்குல்ல? கார்டக் கொண்டாரச் சொல்லு, போட்டோ எடுக்கணும்" என்றார். செக்கர் ஸ்டூல் அதுவரைக்கும் காலியாகத்தான் கிடந்தது.

பிரேமா கியா பார்ம் என்கிற ஊரில் ஒரு சீனத் தோட்டக்காரரிடம் ஸ்ட்ராபெரி பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தாள். தேடிப் போனேன். கொட்டகையில் வரிசையாக உயரமான மேசைகள். பெண்கள் நின்றுகொண்டு அடுக்கினார்கள். ஒரு மேசை மட்டும் கால் அறுத்துத் தாழ்வாக இருந்தது. அதன் முன்னால் பிரேமா உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு கேள்விதான் கேட்டாரு மாமா" என்றாள். "எப்ப வருவேன்னு கேட்டாரு. என்ன வேணும்னு கேட்டாரு. மேச ஒசரம்னு சொன்னேன். அங்கயே ரம்பத்த எடுத்துட்டாரு."

"சம்பளம்?"

"ஃபேக்டரிய விடக் கம்மிதான். லீவப் பத்தியெல்லாம் கேக்காதீங்க. பிரிஞ்சாங்ல கடைக்கு மேல ஒரு ரூம். ரெண்டு மாடி. தெனமும் ஏறி எறங்குறேன். அம்மா எறங்குறதே இல்ல."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். டெஸ்டை எடுத்துவிட்டார்கள், ஸ்டூல் காலியாக இருக்கிறது, துரையே கூப்பிடுகிறார் என்று சொன்னேன். அவள் ஒரு பெட்டியை அடுக்கி முடித்து மூடி போட்டாள்.

"டெஸ்டு தப்புன்னுதானே எடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப எம் பேருக்குப் பக்கத்துல ஃபெயில்னு எழுதுனாங்களே, அத எடுத்தாங்களா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கேளுங்க. அதோட வீட்டையும் கேளுங்க மாமா."

திரும்பி வந்து கேட்டேன். தினேஷ் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். "அத மாத்துறதுக்கு இதுல ஆப்ஷனே இல்ல அங்கிள். புதுசா அப்ளை பண்ணச் சொல்லுங்க, பழச யாரும் பாக்க மாட்டாங்க." வீட்டைப் பற்றித் துரையிடம் கேட்டேன். அதைப் பேக்கிங் அட்டை வைக்கும் ஸ்டோராக மாற்றிவிட்டதாகச் சொன்னார். அது என் ரூமுக்கு வரும் அட்டைதான். எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

போனில் பிரேமாவிடம் இரண்டையும் சொன்னேன். "சரி மாமா" என்றாள். அவள் மனு போடவில்லை. நான் ரிட்டையர் ஆகும் வரைக்கும் அந்த இடத்துக்கு ஒழுங்கான ஆள் அமையவில்லை.

ஆள் எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. எந்த வேலைக்கு எடுக்கிறீர்களோ அந்த வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். இதெல்லாம் அந்த ஸ்ட்ராபெரிக்காரர் எந்த கோர்ஸும் படிக்காமல் செய்ததுதான். இன்னொன்று உண்டு. தப்பான சோதனை வைத்துவிட்டோம் என்று தெரிந்த அன்றைக்கே, அதில் தோற்றவர்களின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அடுத்த இன்டேக் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பிரேமாவைக் கூப்பிட எங்களுக்கு மனசு வந்தபோது, அவள் வீட்டில் நாங்கள் அட்டை அடுக்கியிருந்தோம்.